ஆல் கரெக்ட் ஐயா

என் ஜீப்பை இந்த வாழ்க்கையில் அதிகம் மறித்த ஆள் யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். முந்தல் செக்போஸ்டில் நின்ற ஏட்டய்யாதான். விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். மேலே பூப்பாறைப் பக்கம் கங்காணி வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வெரசாகப் போனால்தான் எனக்கும் பிழைப்பு, அவர்களுக்கும் பிழைப்பு. அப்படி அரக்கப்பரக்க வரும்போது, மலை ஏறுவதற்கு முன்னாலேயே ரோட்டு நடுவில் அந்தக் கை எழும்பும்.

விசில் கிடையாது, லத்தி கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் காட்டுவார். ஆள் குள்ளம். வளைவில் திரும்பும்போது ஆளுக்கு முன்னால் கைதான் கண்ணில் படும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரியும் நிற்கும், கேரளா நம்பர் போட்ட பெரிய காரும் நிற்கும். திட்டிக்கொண்டேதான் நிறுத்துவோம், ஆனால் நிறுத்துவோம்.

"ஏய் பச்சை! உள்ள எத்தனை உருப்படி?"

என் ஜீப் பச்சை. அவருக்கு எந்த டிரைவரின் பெயரும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். பச்சை, வெள்ளை, சிமெண்டு கலரு, அவ்வளவுதான் நாங்கள்.

"அளவாத்தான் ஏட்டய்யா."

"அளவா? பின்னாடி தொங்குறது என்ன, கருவாடா? எறங்கு ஆத்தா, எறங்கு. அடுத்த ஜீப்புல வா."

"கங்காணி திருப்பி அனுப்பிருவான் ஏட்டய்யா. எனக்குப் பதிலா ஓம் பொண்டாட்டி வந்து காயெடுப்பாளா?" என்று இறங்குகிற பெண் வாய்க்கு வந்தபடி கேட்பாள்.

"அவ எங்க வருவா? அவ போடியில காய் பொறுக்கப் போயிருக்கா. நீ பறிக்கிற காய அவ பொறுக்குறா. எறங்கு."

பெண்கள் சிரித்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. மனுசனைக் கண்டாலே அடிவயிறு எரியும். இவன் கை விளங்காமல் போக என்று நாங்கள் டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து திட்டாத நாள் இல்லை. ஊரில் எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற வார்த்தைதான் அது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிற்பாடு அந்த வார்த்தையை நான் வாயால் சொல்வதை விட்டுவிட்டேன்.

இப்படி மலைக்குப் போகிற ஊரையே மறித்த மனிதருக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. தனக்கு மேலே ஒருவர் வந்து நின்றுவிட்டால் போதும், குதிகால் இரண்டும் சேர்ந்துகொள்ளும், கை நெற்றிக்குப் போகும், வாய் "ஆல் கரெக்ட் ஐயா" என்று சொல்லிவிடும். பாரா நிற்கிற போலீஸ்காரர், பார்க்க வருகிற அதிகாரியிடம் 'இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்று ஒப்பிக்கிற வார்த்தை அது. மற்ற போலீஸ்காரர்களுக்கு அது ட்யூட்டி வார்த்தை. இவருக்குத் தும்மல் மாதிரி. வந்தால் அடக்க முடியாது.

ஒரு ஆடி மாதம், காற்று என்றால் அப்படிக் காற்று. செக்போஸ்டின் தகரக் கூரையைப் பிய்த்துப் பள்ளத்தில் எறிந்துவிட்டது. ஏட்டய்யா நாலு சுவருக்கு நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு, தொப்பி பறக்காமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு நிற்கிறார். அந்நேரம் பார்த்து பெரிய அதிகாரி ஒருவர் காரில் மேலே போகிறார். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "என்ன ஏட்டு, எல்லாம் சரியா இருக்கா?" என்றார். இவர் தொப்பியை விட்டுவிட்டு விறைத்து நின்றார். "ஆல் கரெக்ட் ஐயா." கார் போய்விட்டது. தொப்பியும் போய்விட்டது.

எனக்குத் தாங்கவில்லை. "யோவ் ஏட்டய்யா, மண்டைக்கு மேல கூரை இல்ல. கேட்டவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அவரு ட்யூட்டிய கேட்டாரு. கூரையவா கேட்டாரு?" என்றார். "ட்யூட்டி கரெக்டாத்தான நடக்குது? நீ உள்ள எத்தன பேர வச்சிருக்க?"

அன்றைக்கும் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுத்தான் என்னை அனுப்பினார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரே மகள் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார். இன்ஸ்பெக்டர், "ஆள் பத்தல ஏட்டு, லீவு கட்டாயம் வேணுமா?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். "பரவாயில்லைங்கய்யா" என்றாராம் இவர். தாலி கட்டுகிற நேரத்துக்கு யூனிபார்மோடு மண்டபத்துக்கு ஓடி வந்து, அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் ஓடியிருக்கிறார். "அந்த இன்ஸ்பெக்டரு நல்ல மனுசன் தம்பி. இவரு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுத்திருப்பாரு. இவரு வாயிதான் வெளங்காத வாயி" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

அப்புறம் அந்த ஐப்பசி வந்தது. விடாத மழை. முந்தலுக்கு மேலே முதல் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து, எனக்கு முன்னால் போன வெள்ளை ஜீப் சேற்றில் மூக்கைச் செருகிக்கொண்டது. உள்ளே தோட்டத்துப் பெண்கள் கத்துகிறார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்; சத்தம் கேட்டுக் கீழே செக்போஸ்டிலிருந்து மழைக்கோட்டு கூட இல்லாமல் ஏட்டய்யாவும் நடந்தே வந்துவிட்டார். நானும் அவரும் வெள்ளை டிரைவருமாகப் பெண்களைக் கைப்பிடித்து இறக்கினோம். கடைசி ஆளும் இறங்கியபோது மேலே லாரியின் சத்தம் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. ஏட்டய்யா விறுவிறுவென்று மேலே ஏறி, வளைவின் முனையில் நின்று கையைத் தூக்கினார். அந்த நேரம் மண்ணோடு சேர்ந்து கல் உருண்டது. வலது தோளிலும் கழுத்திலும் விழுந்தது.

லாரி நின்றுவிட்டது. அவர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது, "லாரி நின்னுருச்சா?" என்று கேட்டார். நின்றுவிட்டது ஏட்டய்யா என்றேன். என் வண்டியின் பின்பக்கம் அவரைப் படுக்க வைத்தோம். அந்தப் பெண்கள் அழுதுகொண்டே சேலைத் தலைப்பால் அவருடைய ரத்தத்தைத் துடைத்தார்கள். செக்போஸ்டில் அவரிடம் வாயாடுகிறவள்தான் அதிகமாக அழுதாள்.

முந்தலுக்கு இறங்கியதும் இன்ஸ்பெக்டர் பதறிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏட்டு, எப்படிய்யா இருக்கு?"

படுத்திருந்தவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. முடியாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. "ஆல் கரெக்ட் ஐயா."

பெரிய காயம் ஏதுமில்லை என்று ஏட்டு தாமே தெரிவித்தார் என்று அன்றைக்குக் காகிதத்தில் ஏறியது. அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எலும்பு கூடிவிட்டது. கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்று வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னார். அதனால் அந்தக் கைக்கென்று தனிப் புத்தி வந்துவிட்டது. ஒரு நாள் சொன்னபடி கேட்கும், ஒரு நாள் கேட்காது. குளிர்ந்த காற்று பட்டால் செத்துத் தொங்கும். வீம்பாக ஒருமுறை தூக்கிவிட்டால், அப்புறம் அந்த வாரம் முழுக்கச் சட்டைப் பொத்தானை அக்காதான் போட வேண்டும், சோற்றையும் அக்காதான் ஊட்ட வேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை கொடுத்துப் பார்த்தார்கள், பேனா நழுவியது. கடைசியில், உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ட்யூட்டியில் அடிபட்டு வேலை போனவருக்குக் காயத்துக்கென்று தனிப் பென்ஷன் உண்டு. அதற்கு டாக்டர்கள் கூடி உட்கார்ந்து பார்த்து, இந்தக் காயம் ட்யூட்டியில் பட்டது, இதனால் கைக்கு இவ்வளவு ஊனம் என்று எழுதித் தர வேண்டும். மெடிக்கல் போர்டு என்பார்கள். ஏட்டய்யாவுக்குக் கிடைத்த சாதாரணப் பென்ஷன் மருந்துக்கும் வாடகைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு பார்த்தாலும் பத்தவில்லை.

"துட்டு கெடக்கட்டும், பச்சை. ட்யூட்டியில பட்டதுன்னு ஒரு வரி எழுதணும்ல? இல்லேன்னா நான் எங்கயோ குடிச்சிட்டு விழுந்தவன் மாதிரில்ல ஆயிரும்" என்பார் அவர்.

"துட்டு எப்பிடிக் கெடக்கும்?" என்று உள்ளே இருந்து அக்காவின் குரல் வரும். "நான் காய் பொறுக்கித்தான் இந்த வீட்ல ஒல கொதிக்குது. எனக்கும் கண்ணு மங்கிக்கிட்டு வருது. நல்ல காய் எது பொட்டக் காய் எதுன்னு தெரியலன்னா நாளைக்கே வேண்டாம்னுருவாங்க."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அந்த ஒரு வரியில்தான் அவருடைய மானமும் இருந்தது, அக்காவின் அடுப்பும் இருந்தது.

பஸ்சில் அவரால் போக முடியாது, குலுங்கினால் கழுத்து தாங்காது. என் ஜீப் மட்டும் குலுங்காதா என்ன? ஆனால் படுக்க இடம் உண்டு, நானும் பார்த்து ஓட்டுவேன். அக்கா வந்து கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் என் வண்டியை மறித்தவரை, அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்திருக்கிறது.

முதல் போர்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். நீளமான மேஜை, அதற்குப் பின்னால் டாக்டர்கள். நான் கதவருகே நின்றேன், போகச் சொல்லவில்லை. நடுவில் இருந்த பெரிய டாக்டர் கண்ணாடி போட்டவர், நரைத்த மீசை, பார்த்தால் டி.எஸ்.பி. மாதிரியே இருந்தார். அவர் தலையை நிமிர்த்தி மரியாதையாக, "வாங்க ஏட்டு, எப்படி இருக்கீங்க?" என்றார்.

குதிகால் சேர்ந்தது. கை போனது, சும்மா விர்ரென்று போனது. அடிபட்ட நாளிலிருந்து அந்தக் கை அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை.

"ஆல் கரெக்ட் ஐயா!"

பெரிய டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, சந்தோஷமான சிரிப்பு. "கை நல்லா வருதே" என்றார். அப்புறம் தொட்டார்கள், தட்டினார்கள், ஊசி முனையால் குத்தினார்கள். எல்லாவற்றுக்கும் இவர் "பரவாயில்லைங்கய்யா" என்றார். வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும் முகம் வெளுத்து, இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். உசிரு போகுது பச்சை, வெரசா விடு என்றார். உள்ளே சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார். நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

குறிப்பிடும்படியான ஊனம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஒரே வரி. டாக்டர்கள் மேல் நான் கோபப்பட்டு என்ன செய்ய? அவர்கள் கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியதும் அரசாங்கம், கை நன்றாக இருக்கிறது என்று பென்ஷனை மறுத்ததும் அரசாங்கம். இரண்டும் ஒரே கைதான்.

மதுரையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். சின்ன வயது, ஆனால் பொறுமைசாலி. ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்றார். சந்தோஷத்தில் நான், "அப்ப ஜட்ஜையா இவரு கைய பாத்து முடிவு சொல்லிருவாருங்களா?" என்றேன்.

"இல்லண்ணே. கோர்ட்டு டாக்டர் கெடையாது. கை எப்படி இருக்குன்னு கோர்ட்டு பாக்காது. டாக்டருங்க முடிவெடுத்த விதம் சரியான்னுதான் பாக்கும். பாக்க வேண்டிய காகிதத்தையெல்லாம் பாத்தாங்களா, காரணம் சொன்னாங்களா, ஓரவஞ்சனை இல்லாம நடந்தாங்களான்னு."

"அதாவதும்மா, சோறு வெந்துச்சான்னு பாக்க மாட்டாங்க. அடுப்ப மொறையாப் பத்த வச்சாங்களான்னுதான் பாப்பாங்க."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

"சாப்புடுறவன் கதி?"

அவர் மனு எழுதக் காகிதத்தை எடுத்தார்.

ஆனாலும் முதல் தடவை ஜெயித்தோம். போர்டு காரணமே சொல்லாமல் ஒரு வரியில் முடித்தது செல்லாது, மறுபடியும் பரிசோதித்துக் காரணத்தோடு எழுத வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. அக்கா தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஜெயித்தது என்றால் என்ன ஜெயித்தது? திரும்ப அந்த மேஜைக்குத்தான் போக வேண்டும். வக்கீலம்மா ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார். "நடிக்க வேண்டாம், கூட்டிச் சொல்ல வேண்டாம். ஸல்யூட் மட்டும் அடிக்காம இருந்தாப் போதும்."

அப்போது ஆரம்பித்தது ஒத்திகை. அவர் வீட்டுக்குள் நாற்காலி போட்டு நான் டாக்டராக உட்காருவேன். அக்கா அவரைக் கூட்டி வருவார்.

"வாங்க ஏட்டு. எப்படி இருக்கீங்க?"

"வலிக்குது."

"யாருகிட்ட பேசுறீங்க?"

"ஒங்கிட்டத்தான பேசுறேன். பச்சை, நீயெல்லாம் ஒரு டாக்டரா? ஓவர்லோடு கேசு."

நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என்னிடம் அவருக்குச் சொல்ல வரும். நான் யாராக நடித்தாலும் எனக்கு மேலே அவர், அதனால் வலியைச் சொல்வதில் சிரமம் இல்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்தேன், அக்காவின் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், குரலை மாற்றிப் பார்த்தேன். அவருடைய கை எழும்பவே இல்லை. எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது.

இரண்டாவது போர்டில் அதே பெரிய டாக்டர். ஏட்டய்யா உள்ளே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். சொல்லிக்கொடுத்தபடிதான். அந்த ஆளை இத்தனை காலம் பார்த்த எனக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று. காது மடல் சிவந்துவிட்டது. வேர்த்துக் கொட்டுகிறது. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற கூச்சத்தில் கால் துடிக்கிறது.

"கையைத் தூக்குங்க பார்ப்போம்."

தூக்கவில்லை. தூக்கினால் அது எங்கே போகும் என்று அவருக்கே தெரியும், அதனால் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்."

"வலிக்குதுங்கய்யா" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒப்பிப்பது மாதிரி இருந்தது. உண்மையைத்தான் சொன்னார், ஆனால் பழக்கமில்லாத வாய்க்கு உண்மை பொய் மாதிரி வந்தது.

இந்த முறை காரணத்தோடு எழுதினார்கள். முன்பு பரிசோதித்தபோது கையைத் தலை வரை எளிதாக உயர்த்தினார், இன்று உயர்த்த மறுக்கிறார், பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை, சம்பவ நாளன்றே பெரிய காயம் இல்லை என்று தாமே சொல்லியிருக்கிறார், ஆகவே குறிப்பிடும்படியான ஊனம் இல்லை. வக்கீலம்மா போனில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ஏட்டய்யா ஒரே இடத்தில் நின்றுவிட்டார்.

"ஒத்துழைக்கவில்லைன்னா? ஐயாமாரு சொல்லி நான் கேக்கலன்னா எழுதியிருக்காங்க?"

வக்கீலம்மா ஆமாம் என்றார்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் வாசலுக்குப் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். "சர்வீஸ்ல ஒருத்தன் என்னைய இந்த வார்த்த சொன்னதில்ல, பச்சை" என்றார். "ஒங்க ரெண்டு பேரு பேச்சையும் கேட்டு உக்காந்தேன் பாரு." எனக்கு வந்த கோபத்துக்கு, நீர் உருப்படவே மாட்டீர் ஐயா, அன்றைக்கே வலிக்கிறது என்று சொல்லித் தொலைந்திருந்தால் என்ன என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கல் விழுந்தபோதுகூடக் கலங்கவில்லை.

மறுபடியும் ரிட். விசாரணை அன்று மார்கழிக் குளிர். கிளம்பும்போதே கை செத்திருந்தது, அக்காதான் சட்டையைப் போட்டுவிட்டார். கோர்ட்டுக்குள் ஏ.சி. வேறு. நாங்கள் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஜட்ஜையா நல்ல மனிதர். இதை நான் சும்மா சொல்லவில்லை, கட்டுக் காகிதம் முழுவதையும் புரட்டிப் புரட்டிப் படித்தார். வக்கீலம்மா, வேறு ஊரில் வேறு டாக்டர்களை வைத்துப் பார்க்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டார். ஜட்ஜையா இங்கிலீஷிலும் தமிழிலுமாகப் பேசினார். போன தடவை காரணம் இல்லை என்றீர்கள், இப்போது காரணம் இருக்கிறது. எல்லாக் காகிதத்தையும் பார்த்திருக்கிறார்கள். நடைமுறையில் என்ன குறை, சொல்லுங்கள் என்றார்.

"மனுதாரர் வந்திருக்கிறார், நீங்களே ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்றார் வக்கீலம்மா.

"நான் பாத்து என்னம்மா செய்ய? நான் டாக்டரா?" என்றார் ஜட்ஜையா. ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். "அவர்தானா? முன்னால வரச் சொல்லுங்க."

ஏட்டய்யா நடந்து போனார். வக்கீல்கள் வழிவிட்டார்கள். ஜட்ஜையா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, சொந்தக்காரரிடம் கேட்பது மாதிரி, "கை எப்படிய்யா இருக்கு?" என்றார்.

குதிகால் சேர்ந்தது. வலது தோள் குலுங்கியது. முழங்கை கொஞ்சம் எழும்பி, தொப்பென்று விழுந்தது. மறுபடியும் தோளை எக்கினார். கை வரவில்லை. மூன்றாவதாக இடது கை வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது, அப்போதும் இடுப்பைத் தாண்டவில்லை. கோர்ட்டே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் பொங்கியது. பாத்துக்கங்க சாமி, நல்லாப் பாத்துக்கங்க, இதத்தானே அந்த மேஜை முன்னால காட்டத் தெரியாமப் போச்சு! அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கை வராத ஏட்டய்யா, நிமிர்ந்து நின்று, செக்போஸ்டில் சொல்வாரே அதே குரலில் சொன்னார்.

"ஆல் கரெக்ட் ஐயா."

ஜட்ஜையா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காகிதத்தைப் பார்த்தார். அவர் பார்த்தது காகிதத்தில் இல்லை, காகிதத்தில் இருந்தது அவர் பார்த்ததில் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார், ஒருவர் அதை எழுதினார். கோர்ட்டுக்கு அனுதாபம் இருக்கிறது, ஆனால் டாக்டர்கள் காரணத்தோடு எடுத்த முடிவில் தலையிட இடமில்லை, மனு தள்ளுபடி. வெளியே வராந்தாவில் வக்கீலம்மாதான் இதைத் தமிழில் சொன்னார். அப்பீல் போகலாம் என்றார். ஏட்டய்யா அவரைப் பார்த்து, "நீங்க நல்லா பேசுனீங்கம்மா" என்றார்.

ஜீப் ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கியது. அக்காதான் பின்னாலிருந்து கேட்டார். "தம்பி, கை வராதத அவரு பாத்தாருல்ல?"

"பாத்தாருக்கா."

"கண்ணால பாத்தாருல்ல?"

"பாத்தாரு."

"அப்புறம் ஏன்?"

என்னிடம் பதில் இருந்தால் நான் ஏன் ஜீப் ஓட்டுகிறேன்? முன் சீட்டில் இருந்த ஏட்டய்யா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு என்ன பண்ணுவாரு, பாவம். அவரு சோலி அது இல்ல."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?" அக்கா இப்போது அழுதுகொண்டே கேட்டார்.

"அவ்வளவு பெரிய மனுசன், எத்தன சோலிக்கு நடுவுல, நம்மளக் கூப்பிட்டு விசாரிக்கிறாரு. அவருகிட்டப் போயி அழுவுறதாக்கும்?"

அதற்குப் பிறகு அவர்கள் அதிக நாள் போடியில் இல்லை. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, மகள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கும் முந்தலைத் தாண்டும்போது என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முந்தல் வருவதில்லை, அன்றைக்குக் கணவாய் இறங்கும்போது நடந்ததுதான் வருகிறது.

கணவாய்க்குக் கீழே வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு போலீஸ்காரர் ரோட்டு நடுவில் நின்று கையைத் தூக்கினார். எனக்கிருந்த எரிச்சலில் ஓரமாக விட்டுப் போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

"நிறுத்து, பச்சை" என்றார் ஏட்டய்யா. "கை காட்டுறாங்கல்ல."

நிறுத்தினேன். போலீஸ்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். முன்னால் ஒரு கை தொங்குகிற கிழவர், பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மா. அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. நல்ல பிள்ளைதான். ஏட்டய்யாவைப் பார்த்து, "என்னங்கய்யா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.

இந்தப் பிள்ளையிடமாவது சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். ஏட்டய்யா அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தார். சீட்டில் முதுகை நிமிர்த்தினார். நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.